எழுபது நாய்

— செவ்வாய்க்கிழமைக்குள்ளயா?

— ஆம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எனக்கு ஒரு நண்பர் வேண்டும்.

— ஐகோ! இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அரைக்கிலோ முள்ளங்கி கேக்குற மாதிரியில்ல கேக்குறீங்க! மொதல்ல மூச்சு விடுங்க. இந்தாங்க, வெள்ளரிக்காய். மலையில மூச்சு வாங்குனா இதத்தான் கடிக்கணும். உங்க பேரு என்ன?

— மிக்க நன்றி. என் பெயர் லெஃப்தேரிஸ்.

— லே... லேபு... தே...

— லெஃப்தேரிஸ்.

— அது மலை ஏறி இறங்குறதுக்குள்ள என் வாயில நுழையாது. லீன்னு வச்சுக்கிறேன். எந்த ஊரு லீன்னு கேட்டா?

— கிரீஸ். இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது.

— கிரீஸ் லீ. நல்லாத்தான் இருக்கு. நான் சொனோக், சங்கத்துக்கு செகரட்டரி. அதோ முன்னாடி, செவப்புத் தொப்பியும் ரெண்டு கைத்தடியுமா எவரெஸ்டுக்குப் போற மாதிரி போறாரே, அவருதான் கேப்டன். பே மன்சு. அவரு திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கிறேன். நாய எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?

— மற்ற நாய்களும் வரும் என்று நினைத்தேன்.

— எந்த நாய்ங்க?

— மற்ற அறுபத்தொன்பது நாய்கள்.

— என்னது?

— பேருந்து நிறுத்தத்தில் உங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'எழுபது நாய் மலையேற்றச் சங்கம். புது உறுப்பினர் தேவை.' எழுபது நாய்கள் வந்தால் எழுபது மனிதர்கள் வருவார்கள். எழுபதில் ஒருவர் கூடவா எனக்கு நண்பராக மாட்டார் என்று கணக்குப் போட்டேன். என்னிடம் நாய் கிடையாது. ஆகவே வீட்டுக்கார அம்மாவிடம் இரவல் வாங்கி வந்தேன். இவன் பெயர் கம்ஜா.

— அய்யோ, சிரிச்சு வயிறு வலிக்குது! கேப்டன்! ஏ கேப்டன்! நில்லு! இங்க வந்து இதக் கேட்டுட்டுப் போ!

— என்ன சொனோக்? நின்னா எனக்குக் கால் பிடிச்சுக்கும். யாரு இது? ஏம்ப்பா, இது கப்பல் பட்டறை பூட்ஸில்ல? இரும்பு மூக்கு பூட்ஸைப் போட்டுக்கிட்டு யாராவது மலை ஏறுவாங்களா?

— மன்னிக்கவும். என்னிடம் இந்தக் காலணிகள் மட்டுமே உள்ளன.

— பூட்ஸ விடு. எழுபது நாய்னு போட்டிருந்ததைப் பாத்துட்டு, எழுபது நாய் வரும்னு நெனச்சு ஒரு நாயோட வந்திருக்காரு!

— எழுபதுங்கிறது வருஷம்ப்பா! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. நாய் வருஷம். நாங்க அதுல பொறந்த நாய்ங்க.

— நீங்கள் நாய்களா?

— ஒம்போது பேரும். நான் நாய். சொனோக் நாய். முன்னாடி சாப்பாட்டு மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுதுங்களே ஏழு, அதுங்களும் நாய்.

— மன்னிக்கவும். யாரையும் நாய் என்று சொல்லக் கூடாது என்று பாடப்புத்தகத்தில் இருந்தது.

— ஐகோ, இது திட்டு இல்லைங்க. வருஷத்துக்கு ஒரு மிருகம். எலி, மாடு, புலின்னு பன்னெண்டு இருக்கு. எந்த வருஷம் பொறந்தோமோ அந்த மிருகம். பன்னெண்டு வருஷம் கழிச்சு மறுபடி அதே மிருகம் வரும். நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்னு சொன்னீங்க, இதக்கூடவா யாரும் சொல்லல?

— என்னுடன் யாரும் பேசுவதில்லை. நான் பெயிண்ட் பரிசோதகர். கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கி, டார்ச் அடித்து, பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று அளப்பேன். குறைந்தால் மறுபடி அடிக்கச் சொல்வேன். ஆகவே என்னைப் பார்த்ததும் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

— எப்ப?

— காலை எட்டு மணிக்கு.

— சரி, அதெல்லாம் இருக்கட்டும். நீ எந்த வருஷம்? அதச் சொல்லு மொதல்ல.

— ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று.

— பன்னி.

— மன்னிக்கவும்?

— எண்பத்து மூணு பன்னி வருஷம். நீ பன்னி. நாய்ச் சங்கத்துல பன்னிக்கு இடமில்ல. விதின்னா விதி. வந்ததுக்கு சந்தோஷம், வெள்ளரிக்காயைத் தின்னுட்டு எறங்கிக்கோ.

— நீ சும்மா இரு கேப்டன். நாப்பத்து மூணு வயசா உனக்கு? அப்ப எனக்குத் தம்பி! நல்லவேளை, இவ்வளவு நேரம் வாங்க போங்கன்னு சொல்லி நாக்கு வலிச்சுப் போச்சு. லீ தம்பி, இனிமே என்னை அக்கான்னு கூப்பிடு.

— அக்கா வேண்டாம். எனக்கு நண்பர் வேண்டும்.

— அது முடியாதே.

— ஏன் முடியாது?

— ஃப்ரெண்டுன்னா ஒரே வருஷத்துல பொறந்திருக்கணும் தம்பி. ஒரு வயசு கூடுனா அக்கா, அண்ணன். ஒரு வயசு கொறைஞ்சா தம்பி, தங்கச்சி. வருஷம் ஒண்ணா இருந்தாத்தான் ஃப்ரெண்டு. அப்பத்தான் 'டேய்'னு கூப்பிடலாம். இப்ப நான் கூப்பிடுறேன் பாரு: டேய் மன்சு!

— என்ன?

— பாத்தியா, கோவமே வராது. நீ கூப்பிட முடியுமா?

— கூப்பிட்டுப் பாரு. இங்க இருந்து உருட்டி விடுறேன்.

— கூப்பிட மாட்டேன் ஐயா. அப்படியானால் நான் எண்பத்து மூன்றில் பிறந்த ஒருவரைத் தேட வேண்டும்.

— எண்பத்து மூணுல பொறந்தவன்லாம் ஞாயித்துக்கிழமை புள்ளைங்களை டியூஷன்ல விட்டுட்டு வாசல்ல கார்ல தூங்கிட்டு இருப்பான். மலைக்கு எவன் வர்றான்? ஆமா, என்ன அவசரம் உனக்கு? ஃப்ரெண்டுக்கு யாராவது தேதி போடுவாங்களா?

— தேதி போட்டது நான் இல்லை. ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை என் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். மயக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள். ஊசி போட வேண்டுமென்றால் கார்டியன் என்று ஒருவர் கூட வர வேண்டும். கையெழுத்துப் போட்டு, நான் விழித்ததும் வீட்டில் கொண்டு விட வேண்டும். கார்டியன் இல்லை என்றால் ஊசி இல்லை.

— ஊசி இல்லாமப் பண்ணிக்கோ. என்ன இப்ப?

— போன மாதம் அப்படித்தான் செய்தேன்.

— என்ன ஆச்சு?

— டாக்டரின் விரலைக் கடித்துவிட்டேன்.

— ஐகோ!

— குழாயையும். இப்போது என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்: 'கார்டியன் இல்லாமல் உள்ளே விடாதே.'

— ஆபீஸ்ல ஒருத்தரக் கூப்பிட வேண்டியதுதானே தம்பி?

— பரிசோதகருக்கே பரிசோதனை என்று தெரிந்தால் கம்பெனி வேறு ஆளை அனுப்பிவிடும்.

— வீட்டுக்கார அம்மா?

— அவருக்கு எழுபத்தெட்டு வயது. கேட்டுப் பார்த்தேன். அவர் கார்டியனாக வந்தால் அவருக்கும் ஒரு கார்டியன் வர வேண்டுமாம்.

— அப்ப தள்ளிப் போடு. நாப்பத்து மூணு வயசுல வயித்துல என்ன இருக்கப் போவுது? வாயுவா இருக்கும்.

— என் அப்பாவும் வாயு என்றுதான் தள்ளிப் போட்டார். வயிற்றில் கட்டி. இறந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று. எனக்கு இப்போது நாற்பத்து மூன்று. எனக்குப் பயமாக இருக்கிறது.

— கேப்டன், வாயை மூடு.

— நான் ஒண்ணும் சொல்லலையே!

— சொல்லப் போன. மொகத்துலயே தெரிஞ்சுது. வா தம்பி, நட. நின்னு யோசிச்சா பயம் கூடும். அண்ணே! எறங்கி வர்ற அண்ணே! உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

— இதோ வந்துருச்சும்மா! பத்தே நிமிஷம்!

— அக்கா, அரை மணி நேரத்துக்கு முன்னால் இறங்கி வந்தவரும் பத்து நிமிடம் என்றார்.

— எறங்குறவங்க எல்லாரும் அதான் சொல்லுவாங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.

— பிறகு ஏன் பொய் சொல்கிறார்கள்?

— உண்மையைச் சொன்னா நீ ஏறுவியா?

— மாட்டேன்.

— அவ்வளவுதான் விஷயம். என்ன, கம்ஜா உக்காந்துருச்சு?

— ஆம். இவன் பழக்கம் வாசலில் இருந்து கேட் வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் படுத்துக்கொள்வான். வயதாகிவிட்டது. எட்டு.

— உருளைக்கிழங்குன்னு சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க, ஒடம்பப் பாரு. நாயத் தூக்கிக்கிட்டு கீழ போ தம்பி. போ.

— இரு கேப்டன், இரு. எட்டு வயசா? எட்டுன்னா... ரெண்டாயிரத்துப் பதினெட்டு.

— அதுக்கென்ன?

— பதினெட்டு என்ன வருஷம்?

— நாய் வருஷம்... சொனோக், வேண்டாம்.

— நாய் வருஷத்துல பொறந்த நாய்! இதவிட வேற என்ன தகுதி வேணும்?

— வேண்டாம்ங்கிறேன்ல!

— உன் விதிப் புத்தகத்தை நான் மனப்பாடமாச் சொல்லுவேன். விதி ஒண்ணு: 'நாய் வருஷத்தில் பிறந்த எவரும் உறுப்பினராகலாம்.' மனுஷன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?

— எழுபதுன்னு இருக்கு!

— அது தலைப்புல. விதியில இல்ல. டேசிக் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு போன மாசம் விலகிட்டான். இப்ப நாம ஒம்போது. நாளைக்கு மாவட்டக் கூட்டமைப்புக்குப் பட்டியல் போகணும். பத்து பேரு இல்லன்னா சங்கத்தைக் கலைச்சுருவாங்க. பதினோரு வருஷச் சங்கம்! நீயே சொல்லு, கலைக்கலாமா, கம்ஜாவைச் சேத்துக்கலாமா?

— நாய் எப்படி கையெழுத்துப் போடும்?

— கார்டியன் போடுவாரு. நாய் டாக்டர்கிட்ட போனா நம்மள என்னன்னு கூப்பிடுறாங்க? 'கம்ஜாவோட கார்டியன் யாரு, உள்ள வாங்க'ன்னுதானே? லீ தம்பி, நீதான் கார்டியன்.

— மன்னிக்கவும். நான் கார்டியன் தேடி வந்தேன்.

— ஆமா.

— இப்போது நானே கார்டியன்.

— நாய்க்கு.

— நாய்க்குக் கிடைத்துவிட்டது. எனக்கு?

— ஒவ்வொண்ணாத்தான் நடக்கும் தம்பி. கேப்டன், உறுப்பினர் படுத்துட்டாரு பாரு. தூக்கிக்கோ.

— நானா? அவன்தானே கார்டியன்!

— அவன் இரும்பு பூட்ஸோட ஏறணும். விதி ஏழு என்ன? 'எந்த உறுப்பினரையும் எங்கேயும் தனியாக விடக் கூடாது.' யாரு எழுதினது?

— நான்தான்.

— 'எங்கேயும்'கிறதுக்குக் கீழ கோடு போட்டது யாரு?

— நான்தான்! குடு அந்த உருளைக்கிழங்க!

*

— உச்சி! உச்சி! ஒம்போது பேரும் தம்பியும் ஒரு நாயும் வந்தாச்சு! மத்த ஏழு பேரும் உச்சிக் கல்லுக்கிட்ட போட்டோவுக்கு வரிசையில நிக்கிறாங்க. நாம மூணு பேரும் இப்பிடி உக்காந்து பட்டியல முடிச்சுருவோம். தம்பி, கிம்பாப் எடுத்துக்கோ, என் கையால சுத்துன சோத்துச் சுருள்.

— நன்றி அக்கா. பத்து நிமிடம் என்பது இரண்டே கால் மணி நேரமாக இருந்தது.

— கேப்டன், கம்ஜாவை எறக்கி விடு. உனக்கு வேர்த்துக் கொட்டுது.

— தோள்லயே தூங்கிருச்சு. எழுப்பாத. நீ பாட்டுக்கு எழுது.

— பேரு: கம்ஜா. குடும்பப் பேரு?

— வீட்டுக்கார அம்மா சோய் குடும்பம்.

— சோய் கம்ஜா. தொழில்?

— குரைப்பான். தபால்காரருக்கு மட்டும்.

— 'காவல்'னு போடுறேன். பொறந்த தேதி?

— இரண்டாயிரத்துப் பதினெட்டு, ஜனவரி ஒன்பது.

— தேதி வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கியே!

— மறக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அன்று வீட்டுக்கார அம்மா கம்ஜாவுக்குப் பிறந்தநாள் கடல்பாசி சூப் வைப்பார். உப்பு போடாமல். மிச்சத்தை எனக்கு ஒரு கிண்ணத்தில் தருவார். இந்த நாட்டில் நான் குடித்த பிறந்தநாள் சூப் அது ஒன்றுதான்.

— ஐகோ! உனக்குன்னு யாரும் வச்சுக் குடுத்ததில்லையா?

— என் பிறந்தநாளை யாரும் கேட்டதில்லை அக்கா.

— நிறுத்து! ஜனவரியா சொன்ன?

— ஆம் ஐயா. ஜனவரி ஒன்பது.

— ஹா! போச்சு! அடிச்சுரு அந்தப் பேர! மிருகம் ஜனவரி ஒண்ணாந்தேதி மாறாதுப்பா. நிலாப் புத்தாண்டுக்குத்தான் மாறும். பதினெட்டுல நிலாப் புத்தாண்டு பிப்ரவரி பதினாறு. அதுக்கு முன்னாடி பொறந்தா முந்தின வருஷத்து மிருகம்தான். முந்தின வருஷம் சேவல்.

— அப்ப இந்த நாய்...

— சேவல்! நாய்ச் சங்கத்துல சேவலுக்கு இடமில்ல. விதின்னா விதி.

— எட்டு வருஷத்துக்கு முன்னாடி புத்தாண்டு எந்தத் தேதின்னு உனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?

— எல்லாம் மனப்பாடம். எழுபத்தொண்ணுல ஜனவரி இருபத்தேழு. பதினெட்டுல பிப்ரவரி பதினாறு. எது வேணாக் கேளு.

— எழுபத்தொண்ண எதுக்கு மனப்பாடம் பண்ணின?

— பொது அறிவு! கிம்பாப்பை இப்படித் தள்ளு.

— மறுபடி ஒம்போது. போச்சு, சங்கம் போச்சு. பெருமையா ஒக்காந்திருக்கான் பாரு. சேவல்னா தோள்ல இருந்து எறக்கி விட வேண்டியதுதானே?

— தூங்குதுங்கிறேன்ல.

— என்னால் உங்களுக்குத் தொல்லை. நான் இறங்கிப் போகிறேன் அக்கா. வெள்ளரிக்காய்க்கு நன்றி.

— உக்காரு தம்பி. சங்கம் போனாப் போவுது. உன் பொறந்தநாள் எப்பன்னு சொல்லிட்டுப் போ. நான் தொடுகறிக் கடை வச்சிருக்கேன். சூப்பு வச்சு உன் வாசல்ல குடுத்துட்டு வர்றேன். உப்பு போட்டு.

— பிப்ரவரி மூன்று.

— பிப்ரவரி மூணு, எண்பத்து மூணு. கேப்டன்...

— ம்?

— எண்பத்து மூணுல நிலாப் புத்தாண்டு எப்ப?

— ஞாபகமில்ல.

— இப்பத்தான் எது வேணாக் கேளுன்ன!

— இது மட்டும் ஞாபகமில்ல.

— இரு, போன்ல பாக்குறேன். எண்பத்து மூணு... எண்பத்து மூணு... பிப்ரவரி பதிமூணு! தம்பி! லீ தம்பி! நீ பத்து நாளைக்கு முன்னாடியே பொறந்துட்ட! நீ பன்னி இல்ல! நீ நாய்!

— மிக்க நன்றி அக்கா.

— ஏ, வரிசையில நிக்கிறவங்களே! கேட்டுக்கோங்க! நாய் சேவலாயிருச்சு, பன்னி நாயாயிருச்சு! பத்து பேரு! சங்கம் பொழச்சுது!

— கத்தாத சொனோக். பக்கத்து மலைக்காரனெல்லாம் பாக்குறான்.

— உன் கணக்குதான் கேப்டன், நீதான் எடுத்துக் குடுத்த. எழுதுறேன் பாரு: பத்தாவது உறுப்பினர், லீ.

— அக்கா, அப்படியானால் இப்போது நாம் நண்பர்களா?

— இல்ல தம்பி. மிருகம் ஒண்ணு, வயசு வேறல்ல? நீ சின்ன நாய், நான் பெரிய நாய். தம்பி தம்பிதான்.

— புரிகிறது. தம்பியாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தம்பிக்கு யாராவது வருவார்களா?

— நான் வருவேன். ஆனா செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்கு முந்நூறு பேருக்குத் தொடுகறி போகணும். நான் ஒருத்திதான் கடையில. கேப்டன் வருவாரு.

— நானா? ஆஸ்பத்திரிக்கா? முடியாது.

— ஏன்?

— மருந்து வாசனை எனக்கு ஆகாது.

— மாஸ்க் போட்டுக்கோ.

— செவ்வாய்க்கிழமை எனக்கு ராசியில்ல.

— என்னென்ன வேணும் தம்பி, கார்டியனுக்கு?

— ஒரு கையெழுத்து. அப்புறம் அடையாள அட்டை.

— அடையாள அட்டையா? அது எதுக்கு?

— யார் என்ன என்று பார்ப்பார்கள் ஐயா. பெயர், பிறந்த தேதி.

— முடியாது. முடியவே முடியாது. மத்த ஏழு பேர்ல யாரையாவது கேளு. அட்டை தொலைஞ்சு போச்சு எனக்கு.

— போன வாரம் ஓட்டு போட்டேன்னு அட்டையோட படம் எடுத்து அனுப்புனியே, விரலால பாதிய மறைச்சுக்கிட்டு!

— அதுக்கப்புறம் தொலைஞ்சுது.

— டேய் மன்சு. இங்க பாரு. அவன் கண்ணைப் பாரு. அப்பா செத்த வயசு அவனுக்கு. இவன் இப்ப உறுப்பினர். விதி ஏழு.

— அது மலைக்கு.

— 'எங்கேயும்.' கீழ கோடு.

— நான் ஏன்தான் அந்தக் கோட்டைப் போட்டேனோ!

*

— லெ... லெப்... இவரு கூட வந்த கார்டியன் யாரு?

— லீன்னு கூப்பிடும்மா. நான்தான்.

— அவரு உள்ள படுத்துட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஊசி. என்ன உறவு சார்?

— சங்க கேப்டன்.

— அப்படி ஒரு உறவு லிஸ்ட்ல இல்ல சார்.

— அப்ப அண்ணன்னு போடு.

— கூடப் பொறந்தவரா?

— மூக்கப் பாரு. ஒரே மாதிரி இல்ல?

— அட்டை குடுங்க சார். கட்டை விரல எடுங்க, பொறந்த தேதி தெரியல. எடுங்க சார். எழுபத்தொண்ணு, மார்ச் பதினொண்ணு...

— மெதுவாப் படிம்மா! ஊருக்கே கேக்குது!

— இங்க யாருமே இல்ல சார். உக்காருங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும்.

— நிஜமாவே பத்து நிமிஷமா, இல்ல மலைக்காரங்க பத்து நிமிஷமா?

— என்ன சார்?

— ஒண்ணுமில்ல. போ.

*

— சார், முடிஞ்சுருச்சு. டாக்டர் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. கட்டி எதுவும் இல்ல. லேசா புண்ணு, மாத்திரையில ஆறிடும்.

— இல்லையா? நல்லாப் பாத்தாங்களா?

— நல்லாப் பாத்தாங்க. இந்தத் தடவை யாரையும் கடிக்கல. நீங்க பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிட்டு இருங்க, முழிச்சுருவாரு.

— தூங்குறவன்கிட்ட என்ன பேசுறது?

— எதையாவது பேசுங்க. அவருக்கு எங்க காதுல விழப் போவுது?

— லீ தம்பி. ஏ லீ. உனக்கு ஒண்ணுமில்லையாம்டா. அப்பா மாதிரி இல்லையாம். கேக்குதா? கேக்கல. சரி, தூங்கு. கிம்பாப் சாப்பிட்டியே மலையில, வெள்ளரிக்காய் சாப்பிட்டியே... வேற என்ன பேசுறது? கம்ஜா நல்லாருக்கா? எனக்கு இன்னும் தோள் வலிக்குது.

— ம்ம்ம்.

— முனகாத. அன்னைக்கு நீ பயமாருக்குன்னு சொன்னியே. எனக்கும் பயம்டா. எனக்கும் ரெண்டு வருஷமா சாப்பிட்டா எரியுது. பரிசோதனைக்கு வாங்கன்னு கடுதாசி வரும், அலமாரியில போட்டுருவேன். ஏன்னு கேளு. கூட ஒரு ஆள் வரணும். எனக்கு ஆளுன்னா அந்த எட்டு நாய்ங்கதான். அதுங்க வந்தா, இதோ உன் கையில கட்டியிருக்காங்களே பட்டை, இதுல கொட்டை எழுத்துல பொறந்த தேதி போட்டிருக்கும். எழுபத்தொண்ணுன்னு. நான் பன்னிடா தம்பி. நாய்ச் சங்கத்துக்குப் பன்னி கேப்டன். பதினோரு வருஷமா கூட்டமைப்புக்குப் பட்டியல நானே கொண்டு போய்க் குடுக்கிறேனே, எதுக்குன்னு நெனைக்கிற? அங்க அட்டையக் காட்டணும்ல?

— ம்ம்.

— பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, அதே மலை அடிவாரம். சொனோக் தனியா நின்னு ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தா. 'நான் எழுபது, நீங்க எந்த வருஷம்?'னு கேட்டா. எழுபத்தொண்ணுன்னு சொன்னா அந்த நிமிஷத்துல இருந்து அவ எனக்கு அக்கா. எனக்கு அவளை அக்கான்னு கூப்பிடப் பிடிக்கலடா. எழுபதுன்னு வாயில வந்துருச்சு. 'அப்ப ஃப்ரெண்டு! டேய் மன்சு!'ன்னா. அந்த ஒரு 'டேய்'க்காக ஒரு சங்கமே ஆரம்பிச்சேன். விதி எழுதினேன். சேவலை வெளிய அனுப்பினேன். இப்ப உண்மையச் சொன்னா சங்கம் மறுபடி ஒம்போது, அவ எனக்கு அக்கா. வயித்தெரிச்சலே தேவலன்னு இருக்கேன். அட, கண்ணத் தொறந்துட்டியே! தம்பி, முழிச்சுட்டியா?

— ம்ம்.

— உனக்கு ஒண்ணுமில்லையாம். கட்டி இல்லையாம். சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்தது.

— எதுல இருந்து விழுந்துச்சு?

— டேய் பன்னி.

— என்னடா சொன்ன?

— உன் செவ்வாய்க்கிழமை எப்போது?